போஸ்ட் ஆஃபீஸ் எமோஜி: 🏣 போடுறதா 🏤 போடுறதா?

பார்சல் ஸ்டேட்டஸ் மெசேஜ் டெம்ப்ளேட் ஒண்ணு எழுதிட்டு இருந்தேன், "உங்க பார்சல் போஸ்ட் ஆஃபீஸ் வந்தாச்சு"ன்னு ஒரே ஒரு வரி, அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கட்டிடம் வச்சா பாக்கறவங்களுக்கு டக்குனு புரியுமேன்னு தோணுச்சு. அஞ்சு நிமிஷ வேலைன்னு உக்காந்தது ஒரு மத்தியானத்தையே முழுங்கிடுச்சு.

முதல்ல விஷயம் என்னன்னா, போஸ்ட் ஆஃபீஸுக்கு ரெண்டு கட்டிடம் இருக்கு. 🏣 ஜப்பான் போஸ்ட் ஆஃபீஸ், 🏤 ஐரோப்பா போஸ்ட் ஆஃபீஸ். ரெண்டுமே 2010-ல யூனிகோட் (ஒவ்வொரு எழுத்துக்கும் எமோஜிக்கும் ஒரு நம்பர் கொடுக்கற பொதுத் தரம்) 6.0-ல வந்தது, நம்பர்கூட அக்கம்பக்கம்தான், 127971, 127972. எமோஜியே ஜப்பான் மொபைல் கம்பெனிங்க கிட்ட இருந்து வந்த சமாச்சாரம்ங்கறதால அவங்க ஊர் போஸ்ட் ஆஃபீஸ் தனியா இருக்கறதுல ஆச்சரியம் இல்ல.

தலைவலி பேர்ல இருக்கு. 🏤-க்கு யூனிகோட்ல முதல்ல வச்ச பேர் யூரோப்பியன் போஸ்ட் ஆஃபீஸ். ஆனா இப்போ புழங்கற சுருக்கப் பேர் வெறும் 'போஸ்ட் ஆஃபீஸ்' (🏣 மட்டும் 'ஜாப்பனீஸ் போஸ்ட் ஆஃபீஸ்'). சரின்னு ஸ்லாக்ல (ஆஃபீஸ் சாட் ஆப்) ரெண்டு கோலனுக்கு நடுவுல போஸ்ட், அண்டர்ஸ்கோர், ஆஃபீஸ்னு ஷார்ட்கோட் அடிச்சா வந்து நிக்கறது 🏣! டிஸ்கார்டு, கிட்ஹப் தளங்கள்லயும் இதே கதைதான், 🏤 வேணும்னா முன்னாடி யூரோப்பியன்னு சேர்த்து அடிக்கணும். ஆக அதே 'போஸ்ட் ஆஃபீஸ்' ஒரு இடத்துல ஒரு கட்டிடம், இன்னொரு இடத்துல வேற கட்டிடம். நான் டீம் சாட்ல ஷார்ட்கோட்ல போட்டு ஓகே வாங்கினேன், டெம்ப்ளேட்ல போன் கீபோர்டுல தேடிப் போட்டேன், கடைசில பாத்தா ரெண்டும் வேற வேற. அதனால ஷார்ட்கோடை நம்பாதீங்க, எமோஜியையே காப்பி பண்ணி ஒட்டுங்க.

டிசைனுக்கு வருவோம். 🏣 மேல இருக்கற அடையாளம் 〒, ஜப்பான்ல 1887-லேருந்து தபாலுக்கு இதுதான் குறி. தெரிஞ்சவங்களுக்குப் பளிச்னு புரியும், தெரியாதவங்க "ஏதோ டி எழுத்து போட்ட ஆஸ்பத்திரியா?"ம்பாங்க (நிஜமாவே ஒருத்தர் கேட்டாங்க). 🏤-ல பெரும்பாலான டிசைன்ல ஒரு தபால் ஊதுகொம்பு இருக்கும், ஐரோப்பால பல தபால் துறைகளோட பழைய சின்னம் அது. பெருசாக்கிப் பாத்தா அழகு, ஆனா சாட் எழுத்து சைஸ்ல அந்தக் கொம்பு காணாமப் போயி வெறும் கட்டிடம்தான் மிச்சம், பேங்க்கா ஹோட்டலான்னு சத்தியமா சொல்ல முடியாது. சின்ன சைஸ்ல ஜெயிக்கறது 🏣தான், அதை ஒத்துக்கணும். ஆனா ஸ்க்ரீன் ரீடர் (திரைல இருக்கறதை வாசிச்சுச் சொல்ற ஆப்) வச்சிருக்கறவங்களுக்கு அது 'ஜாப்பனீஸ் போஸ்ட் ஆஃபீஸ்'னு வாசிக்கும், பார்சல் ஜப்பான் போயிடுச்சான்னு பதறப்போறாங்க.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ஆப்பிள், கூகுள்னு ஒவ்வொருத்தரும் சொந்தமா படம் வரைஞ்சு வச்சிருக்காங்க, அதனால நீங்க அனுப்பற கட்டிடம் அதே கலர்ல அதே மாதிரி போய்ச் சேரும்னு எதிர்பார்க்கக் கூடாது. ரொம்பப் பழைய போன்ல வெறும் சதுரக் கட்டம் வந்தாலும் வரும்.

இதைவிடப் பெரிய கூத்து டேட்டாபேஸ்ல. இந்த ரெண்டும் யூடிஎஃப்-8-ல (எழுத்தை பைட்டா மாத்திச் சேமிக்கற முறை) 4 பைட் எடுக்கும். மைஎஸ்கியூஎல்-ங்கற டேட்டாபேஸ்ல பழைய யூடிஎஃப்8 செட்டிங் 3 பைட்டுக்கு மேல தாங்காது, அதுக்குத்தான் 2010-ல 4 பைட் தாங்கற யூடிஎஃப்8எம்பி4 செட்டிங் கொண்டு வந்தாங்க. என் டேபிள் பழசு, ஸ்ட்ரிக்ட் மோடும் (தப்பான டேட்டாவை எரர் சொல்லித் தடுக்கற செட்டிங்) இல்ல, எமோஜி இருந்த இடத்தோட மெசேஜ் வெட்டுப்பட்டு நின்னுச்சு. எமோஜி முதல் எழுத்தா இருந்ததால சேவ் ஆனது வெறும் காலி! எரர்கூட வரல, ஒரு வார்னிங் மட்டும் எங்கயோ மூலைல.

எழுத்துக் கணக்குலயும் ரெண்டும் ஒண்ணுதான். எஸ்எம்எஸ்ல தமிழ்னாலே 70தான் லிமிட், அதுல எமோஜி ரெண்டு இடம் சாப்பிடும். எக்ஸ் தளத்துலயும் ரெண்டா எண்ணுவாங்க. ஜாவாஸ்க்ரிப்ட் ப்ரோக்ராம்ல நீளம் பாத்தாலும் 2 காட்டும், நடுவுல வெட்டினா பாதிக் கட்டிடம் இல்ல, கேள்விக்குறி போட்ட கருப்பு டைமண்ட்தான் வரும்.

மத்த ஆப்ஷன்ல 〒 மட்டும் தனியாப் போடலாம், அது எமோஜி இல்ல, 3 பைட்தான், பழைய டேபிள்லயும் நிக்கும், ஆனா அது ஜப்பான் அட்ரஸ்ல 7 இலக்க பின்கோடுக்கு முன்னாடி போடறது, ஜப்பானுக்கு வெளிய பெருசா அர்த்தம் இல்ல. ✉ கூட 3 பைட்தான், ஆனா அது லெட்டர், பார்சல் இல்ல. 📫 கொடி தூக்கின டப்பா, அமெரிக்கா ஸ்டைல், விடுங்க.

எனக்குப் பிடிச்சது 📮. பேர் எல்லா இடத்துலயும் போஸ்ட்பாக்ஸ்தான், குழப்பம் இல்ல, பெரும்பாலும் செவப்பு, எவ்வளவு சின்னதானாலும் தெரியும். கட்டிடம் இல்லையேன்னு கேட்டா, ஆமா இல்லதான், ஆனா பாக்கறவங்க மனசுல தபால்னு விழுந்தாப் போதுமே. கட்டிடமேதான் வேணும், ஆஃபீஸுக்கு நேர்ல வாங்கன்னு சொல்றோம்னா 🏤 போட்டு பக்கத்துலயே எழுத்துலயும் எழுதிடுங்க. 🏣 ஜப்பான் அட்ரஸுக்கு மட்டும்.

📮-ம் 4 பைட்தான்ங்கறது டேபிளை மாத்தாம டெம்ப்ளேட்டை சேவ் பண்ணப்போதான் ஞாபகம் வந்துச்சு, மறுபடியும் காலி.