வெக்கையும் ஈரப்பதனும் காட்டுற சின்ன மீற்றர்: 14 மாசம் பாவிச்சுப் பாத்ததில

போன வருசம் பங்குனியில ரவுணில ஒரு எலெக்ரோனிக் கடையில 1,950 ரூபாக்கு வாங்கினது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, மேல வெக்கை, கீழ ஈரப்பதன் சதவீதம், மூலையில மணிக்கூடு, பின்னால சின்னப் பற்றறி ஒண்டு. ஆகக் கூடினதையும் ஆகக் குறைஞ்சதையும் தானே ஞாபகம் வச்சிருக்கும், அதுக்காகத்தான் வாங்கினனான்.

காரணம் அம்மம்மா. 81 வயசு. "இரவு முழுக்க அவிஞ்சு போறன் பிள்ளை, நெஞ்சு அடைக்குது" எண்டு சொல்லுவா, நான் போனைப் பாத்தால் 28 டிகிரி எண்டு நிக்கும், "28 தானே அம்மம்மா, ஃபானைக் கூட்டி விடுறன்" எண்டு சொல்லிட்டுப் படுத்திடுவன். போன் காட்டுறது வெளிக் காத்தின்ர கணக்கு, அவ படுக்கிறது புதுசாக் கொங்கிறீற் பிளேட் கூரை போட்டுக் கட்டின அறையில, இது எனக்கு அவ்வளவு காலமா உறைக்கேல்ல.

மீற்றரை அவவின்ர தலைமாட்டில முதல் இரவு வச்சன். விடிய எழும்பிப் பாத்தால் அந்த இரவின்ர ஆகக் குறைஞ்ச வெக்கையே 31.2. அதாவது விடியப்பறம் கூட அந்த அறை அதுக்குக் கீழ இறங்கேல்ல. அடுத்த இரவு பழைய ஓட்டு அறையில வச்சன், 28.6. ஒரே வளவு, ஒரே காத்து, ரெண்டரை டிகிரிக்கு மேல வித்தியாசம். கொங்கிறீற் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுப்போட்டு இரவிலதான் உள்ளுக்கு விடும், ஓட்டுக்கு இடுக்கால காத்துப் போகும், பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில ஆறிடும். அந்தக் கிழமையே கட்டிலைத் தூக்கி ஓட்டு அறைக்கு மாத்தினம். இந்தப் பெட்டிக்குக் குடுத்த காசு எனக்கு அண்டைக்கே வந்திட்டுது.

ஈரப்பதன் நம்பரைத்தான் ஆக்கள் பாக்காமல் விடுறது. வேர்வை காய்ஞ்சால்தான் உடம்பு ஆறும், காத்தில ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தால் வேர்வை வழியுமே தவிரக் காயாது, அதைத்தான் நாங்கள் புழுக்கம் எண்டுறது. 34 டிகிரியும் 40 சதவீதமும் எண்டால் உடம்புக்கு கிட்டத்தட்ட 35 மாதிரி, அதே 34 டிகிரி, 65 சதவீதம் எண்டால் 44 மாதிரி. வளிமண்டலவியல் திணைக்களம் வட மாகாணத்துக்கு அவதானமா இருக்கச் சொல்லி அறிவித்தல் விடேக்க பாக்கிறது இந்த வெப்பச் சுட்டெண்ணைத்தான். அதுவும் நிழலுக்குள்ள நிக்கிற ஆளுக்கான கணக்கு, நேர் வெயில் எண்டால் இன்னும் 8 டிகிரி வரைக்கும் கூடலாம்.

இப்ப குறை. ஈரப்பதனைக் குறைச்சுக் காட்டுது. எப்பிடிக் கண்டுபிடிச்சன் எண்டால், ஒரு சோடா மூடியில ஆனையிறவு உப்புப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி வாற அளவுக்குத் தண்ணி நாலு துளி விட்டு, மீற்றரோட சேத்து ஒரு பெரிய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள வச்சு இறுக்கி மூடி ஒரு இரவு விட்டன். அப்பிடி மூடின உப்புக்கு மேல காத்து எப்பவும் 75 சதவீதத்திலதான் நிக்கும், எங்கட வீட்டு வெக்கைக்கு அது மாறாது. என்ர மீற்றர் 69 காட்டிச்சுது. 6 குறைவு எண்டால் உடம்புக்கு 44 மாதிரி இருக்கிறதை 42 எண்டு நினைச்சுப்போட்டு இருப்பம், வயசு போன ஆக்களுக்கு அது சின்ன விசயமில்லை. நான் பின்னால ரேப் ஒட்டி "+6" எண்டு எழுதி வச்சிருக்கிறன். வாங்கிற ஆக்கள் தயவு செய்து முதல் நாளே இதைச் செய்து பாருங்கோ.

வெயிலுக்குள்ள வைக்கக் கூடாது. ஒருக்கா கிணத்துக் கட்டில மறந்து வச்சிட்டன், 52 காட்டிப்போட்டு ஸ்கிரீன் முழுக்கக் கறுத்துப் போச்சு, நிழலுக்குக் கொண்டு வந்து அரை மணித்தியாலத்தில சரி வந்தது, ஆனா அந்த 52 காத்தின்ர வெக்கை இல்லை, பெட்டி தானே சூடானது. தோட்டத்தில வெங்காயம் கிண்டுற ஆக்களுக்கு இதால பெரிசாப் பிரயோசனமில்லை. அதுக்குக் கறுத்த உருண்டை பூட்டின மீற்றர் வேணும், அது வெயிலையும் சேத்து அளக்கும், ஆனா விலை பல மடங்கு. பற்றறி மாத்தினால் ஞாபகத்தில உள்ளதெல்லாம் அழிஞ்சிடும், எனக்கு ஒருக்கா அப்பிடிப் போச்சு, அதுக்குப் பிறகுதான் கொப்பியில எழுதத் தொடங்கினன்.

கொப்பி எழுதுறதுக்கு இன்னொரு காரணம் பிரான்ஸில இருக்கிற பெரியப்பா. 2003 ஆவணியில பரிஸில மேல்மாடி அறையில தனிய இருந்தவர். அந்த வெக்கையில பிரான்ஸில மட்டும் 15,000 பேரளவில செத்தது, ஐரோப்பா முழுக்க 70,000க்கும் மேல. கனபேர் தனிய இருந்த வயசானவை, பகல் வெக்கையை விட இரவு ஆறாததுதான் ஆளைச் சாய்ச்சதெண்டு அவர் இண்டைக்கும் சொல்லுவார். ஐரோப்பாவில இப்ப 1940ல இருந்து மணித்தியாலக் கணக்கில வெக்கை, ஈரம், காத்து, வெயில் நாலையும் சேத்து உடம்பு படுற பாட்டைக் கணக்குப் பாத்து வச்சிருக்கினம். அந்தக் கணக்கில 32 டிகிரிக்கு மேல போனால் உடம்புக்குக் கடும் வெப்ப அழுத்தம், 46க்கு மேல அதி உச்சம். 2024ல தென்கிழக்கு ஐரோப்பாவில 66 நாள் கடும் அழுத்தம், 20க்குக் கீழ இறங்காத இரவு 23, ரெண்டும் அதுவரைக்கும் இல்லாத அளவு. உலகச் சராசரியை விட ரெண்டு மடங்கு வேகமா அந்தக் கண்டம் சூடாகுதாம்.

எங்களுக்கு 20க்குக் கீழ இறங்கிற இரவை விரல் விட்டு எண்ணலாம். பழகின உடம்பு எண்டு ஆக்கள் சொல்லுவினம், ஆனா கிடுகு வீட்டிலயும் ஓட்டு வீட்டிலயும் பழகின உடம்பை இப்ப பிளேட்டுக்குக் கீழ படுக்க விடுறம், அதைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல. வானிலைக்காரர் ஒரு இடத்தின்ர சராசரி எடுக்க 30 வருசத் தரவு கேப்பினம், என்னட்டை 14 மாசம் கூட முழுசா இல்லை. பரவாயில்லை, எழுதுறன்.

போன கிழமை ரெண்டாவது ஒண்டு வாங்கி பருத்தித்துறையில அக்கா வீட்டுக்குக் குடுத்தனான், அவையின்ரது தகரக் கூரை. இந்த முறை கடையிலயே ரெண்டு மூண்டைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்து, ஒரே மாதிரிக் காட்டினதில ஒண்டை எடுத்தன். உப்புப் போத்தல்ல 73 காட்டுது. விடிய ஆறு மணிக்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கும் அக்கா நம்பரை வைபர்ல அனுப்புறா.