சிம்ஸ் 4: பேக் வாங்குவதற்கு முன் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, குடும்பம் நடத்திப் பார்க்கிற கம்ப்யூட்டர் கேம் 'சிம்ஸ் 4' வந்தது 2014 செப்டம்பரில். 2022 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை கேம் இலவசம். அதனால் வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனையே தேவையில்லை, இறக்கி விளையாடிப் பார்த்துவிடலாம். ஆனால் நிறையப் பேர் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் உடனே காசு கொடுத்து, கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகளான பேக்குகளை பேக் மேல் பேக்காக வாங்குகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆப்ஷன்ஸ் பக்கம். இந்த கேமில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் அதுதான்.

நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் மேற்கு மாம்பலத்துக்கு வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். விளையாடக் கிடைப்பது படுக்கப் போகும் முன் கொஞ்ச நேரம்தான். லேப்டாப், மகன் கல்லூரியில் வைத்திருந்தது. ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய் ரேமை 8 ஜிபி ஆக்கிக் கொடுத்தான். கேம் கேட்பது குறைந்தபட்சம் 4, நன்றாக ஓட 8. என்னைப் போல நேரமும் குறைவு, மெஷினும் சுமார் என்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிராஃபிக்ஸ் பகுதி. அங்கே பிரேம் ரேட் லிமிட் என்று ஒன்று 200-இல் நிற்கும். அதை 60-க்கு, பழைய மெஷின் என்றால் 30-க்கே இறக்கிவிடுங்கள். வீடு கட்டி, சமைத்து, குழந்தை வளர்க்கிற கேமுக்கு நொடிக்கு 200 படம் எதற்கு? தேவையில்லாத படங்களை வரைந்து வரைந்துதான் லேப்டாப் கொதிக்கிறது. சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், இந்த ஒரு மாற்றத்திலேயே உள்ளே இருக்கும் ஃபேனின் இரைச்சல் நன்றாக அடங்கும். போதவில்லை என்றால் லேப்டாப் மோட் என்று ஒரு டிக் இருக்கிறது, அதையும் போடுங்கள். நிழலும் பிரதிபலிப்பும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டச்பேடில் விளையாடுகிறவர்கள் எட்ஜ் ஸ்க்ரோலிங்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் ஊரே நகரும். எழுத்து பொடியாக இருக்கிறது என்பவர்களுக்கு, அக்ஸசிபிலிட்டி பகுதியில் எழுத்தையும் பட்டன்களையும் பெரிதாக்கும் வசதி உண்டு. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உதவி.

இனி முக்கியமான விஷயம், ஆயுள்.

கேமை சாதாரண வேகத்தில் ஓட்டினால் அங்கே ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி. ஒரு நாள் என்பது 24 நிமிடம். சாதாரண ஆயுளில் ஒரு சிம்மின், அதாவது கேமில் வாழும் ஒரு மனிதரின், இளம்பருவம் 24 நாள். கணக்குப் போட்டால் ஒன்பதரை மணி நேரம் சொச்சம். தினமும் ஒரு மணி நேரம் விளையாடுகிற ஒருத்தி, பத்து ராத்திரிக்குள் தன் பிள்ளை நடுவயதுக்குப் போய்விடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அவனுக்கு ஒரு வேலை பார்த்து, கல்யாணம் பண்ணி, மருமகளின் முகம் பழகுவதற்குள் காலம் ஓடிவிடுகிறது. கேம் அலுக்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு அலுப்பு கேமினால் வரவில்லை, இந்த அவசரத்தினால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். கேம்பிளே பகுதிக்குப் போய் ஆயுளை 'லாங்' என்று மாற்றினால் எல்லாம் நான்கு மடங்காகிறது. எனக்கு அந்த வேகம்தான் சரி. காமாட்சிப் பாட்டி என்று ஒருவரை வைத்திருக்கிறேன். அவர் தோட்டம் போடுவதையும் பேத்திக்குப் படிப்பு சொல்லிக்கொடுப்பதையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

வயது ஏறுவதையே நிறுத்தவும் முடியும். ஆனால் அதில் இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு: நாம் விளையாடும் குடும்பங்களுக்கு ஒன்று, ஊரில் உள்ள மற்றவர்களுக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். நம் வீட்டுக்கு மட்டும் நிறுத்திவைத்தால், பேத்தி பள்ளிக்கூடத்திலேயே இருப்பாள். அவளோடு விளையாடிய எதிர்வீட்டுப் பையன் கல்யாண வயதுக்கு வந்திருப்பான்.

அடுத்து ஆட்டோனமி, அதாவது சிம்கள் தாங்களாக எழுந்து எதையாவது செய்யலாமா என்பது. கொரட்டூரில் இருக்கும் என் தங்கை மகளும் விளையாடுவாள். "பெரியம்மா, அதை ஆஃப் பண்ணிடுங்க. சாப்பிட்ட தட்டைக் கழுவ பாத்ரூமுக்குப் போறாங்க, பார்க்கவே எரிச்சலா இருக்கு" என்பாள். எரிச்சல் எனக்கும் உண்டுதான். இருந்தாலும் அணைக்கக் கூடாது என்பதே என் கட்சி. நான் சொன்னால் ஒழிய யாரும் அசையாத வீட்டை எப்படிக் குடும்பம் என்பது? இதற்கு நடுவழி ஒன்றை கேமே வைத்திருக்கிறது: இப்போது நாம் இயக்கும் சிம்முக்கு மட்டும் ஆட்டோனமியை நிறுத்துவது. நாம் ஓட்டும் ஆள் நம் பேச்சைக் கேட்பார், மற்றவர்கள் அவரவர் பாட்டுக்கு இருப்பார்கள். அதை டிக் செய்து காட்டிய பிறகு அவளும் அப்படித்தான் விளையாடுகிறாள்.

ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் வைக்க முடியாது. இதை மாற்ற ஆப்ஷனே இல்லை, கூட்டுக்குடும்பம் நடத்த நினைக்கிற எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அதனால் கட்டிக்கொடுத்த மகளைத் தனி வீட்டில் வைத்திருக்கிறேன். அங்கேதான் 'நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ்' உதவிக்கு வருகிறது. நாம் பார்க்காத வீடுகளில் வேலை மாறலாமா, குழந்தை பிறக்கலாமா, வீடு மாறலாமா என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் வசதி அது. 2021 இறுதியில் வந்து, 2022-இல் விரிவானது. இருப்பது மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸ் திரையில், அதனால் பலர் கண்ணில் படுவதில்லை. மகள் வீட்டுக்கு வேலை விஷயத்தை மட்டும் திறந்துவிட்டு, குழந்தை விஷயத்தை மூடி வைத்திருக்கிறேன். பேரன் பிறப்பதைச் செய்தியாகக் கேள்விப்பட எனக்கு மனசில்லை, கூட இருந்து பார்க்க வேண்டும். இந்த வசதியில் இன்னொன்றும் பிடிக்கும். தெரிந்த சிம்கள் போன் செய்து, இந்த வேலையை விட்டுவிடட்டுமா என்கிற மாதிரி நம்மிடம் யோசனை கேட்பார்கள். நாம் சொல்வதை வைத்து அவர்கள் வாழ்க்கை மாறும்.

பாட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. டாக்குமென்ட்ஸில் கேமின் ஃபோல்டருக்குள் கஸ்டம் மியூசிக் என்று ஓர் இடம், அதில் நம் எம்பி3 கோப்புகளைப் போட்டால் கேமில் உள்ள ரேடியோவில் ஒலிக்கும். எங்கள் வீட்டு சிம்கள் காலையில் நாதஸ்வரம் கேட்கிறார்கள். தமிழில் மெனு கிடையாது, எந்த இந்திய மொழியிலும் கிடையாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒருவருக்கு நான் சொன்ன ஆப்ஷன்கள் எல்லாம் பூட்டிய அறைதான். இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிகளுக்கு இதைச் செய்திருக்க வேண்டும்.

மாட், அதாவது மற்ற ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்களை, கேமில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மாட் ஆப்ஷன் தானாக அணைந்திருக்கும். திரும்பப் போடும் முன், நாம் விளையாடியது சேமிக்கப்பட்டிருக்கும் 'சேவ்ஸ்' ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பேக் வாங்கியே ஆக வேண்டும் என்றால் 2018-இல் வந்த 'சீசன்ஸ்' என் தேர்வு. பருவத்தின் நீளத்தை 7, 14, 28 நாள் என்று வைக்கலாம், வெயில் குளிர் சிம்களைத் தாக்காமல் செய்யலாம். அதன் காலண்டரில் நாமே பண்டிகை உருவாக்கலாம். அன்றைக்கு வேலைக்கும் பள்ளிக்கும் விடுமுறை விடலாம், என்னென்ன வழக்கங்கள் என்றும் குறிக்கலாம். நான் பொங்கல் வைத்திருக்கிறேன். நான்கு பருவம் என்பதை மட்டும் மாற்ற முடியாது, நம் ஐப்பசி அடைமழைக்கென்று தனிப் பருவமும் இல்லை. முழு விலை கொடுக்க வேண்டாம், அடிக்கடி தள்ளுபடி வரும், அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.