குறுவை மும்முரத்தில் எந்தக் கதை கேம்?

நடவு சூடுபிடித்துவிட்டால், மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவனுக்கு விளையாட மிஞ்சுவது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். அதற்குள்ளும் போன் வரும்: "தம்பி, டிஏபி இறங்கிடுச்சா?"

கதை கேம் வாங்கும்போது எல்லோரும் கேட்பது, முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா, பத்து நாள் விட்டுவிட்டு வந்தால் கதை பிடிபடுமா? இந்த இரண்டும்தான் முக்கியம்.

தி விட்சர் 3 (2015), ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) இரண்டையும் பாருங்கள். முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே இரண்டுக்கும் ஏறக்குறைய 50 மணி நேரம் வேண்டும். ஆனால் விட்சரில் சண்டையோ உரையாடலோ நடக்காத நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்ளலாம். மறுபடி திறந்தால், லோடிங் ஆகும்போதே இதுவரை நடந்த கதையை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லிவிடும். வேலைக்காரனுக்கு இதைவிட உபகாரம் இல்லை. கேமுக்குள்ளேயே வரும் க்வென்ட் சீட்டாட்டத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த ராத்திரி போயிற்று.

ரெட் டெட்டில் மிஷன், அதாவது கதை தரும் ஒரு வேலை, அதன் நடுவே சேவ் கிடையாது. பாதியில் வெளியேறினால் அந்த மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும். குதிரையில் பேசிக்கொண்டே போவதற்கே பல நிமிஷம். அந்த நிதானம்தான் அதன் அழகு, மறுக்கவில்லை. கதாநாயகன் ஆர்தர் மார்கனின் டைரியைப் புரட்டினால் கதையும் ஓரளவு ஞாபகம் வரும். ஆனால் யுபிஎஸ் இல்லாத கணினியில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், அரை மணி நேர மிஷன் ஒரு சூதாட்டம்தான்.

அப்படியானால் சின்ன கேம்கள்? வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் (2017) இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடியும். ஆனால் அதைத் துண்டு போட்டால் வீண். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் ஆட வேண்டியது. ஃபயர்வாட்ச் (2016) நான்கு மணி நேரம்தான், ஆனால் வாக்கிடாக்கியில் வரும் பேச்சுக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காதில் போனை வைத்துக்கொண்டு ஆடினால், பதில் சொல்லாததையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்ளும்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் (2015) நடுவாந்திரம். ஐந்து அத்தியாயம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மணி நேரம். பெரிய முடிவுகளுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும்வரை காத்திருக்கும், தேர்ந்தது பிடிக்கவில்லையென்றால் காலத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மாற்றிக்கொள்ளலாம். குறுவைக்கு இதை எடுங்கள், சம்பாவுக்கு விட்சர்.

ரெட் டெட் மாசிக்குப் பிறகு. சம்பா அறுவடை முடிந்து, உளுந்துக்கு டிஏபி கரைசல் தெளிக்கிற வேலையும் ஓய்ந்தால் கடையில் ஈ ஓட்டலாம். கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும் கேம் அது, டவுன்லோடைப் பொங்கல் லீவிலேயே போட்டுவிடுங்கள்.