860 டாலர் போனது: மெரிடன் பிரிட்டானியா ஐஸ் தண்ணீர் ஜாடி வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

860 டாலர். ஜாடிக்கு 715, அனுப்பும் கூலி 145. நேற்று சாயங்காலம் "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று கடைசி மின்னஞ்சல் வந்தது. கோபம் ஆறினால் பாதி விவரம் விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

வாங்கியது பழம்பொருள் ஏலம் விடும் ஓர் இணையதளத்தில். தளத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே போடவில்லை. பொருள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரில் இருந்த மெரிடன் பிரிட்டானியா கம்பெனியின் வெள்ளி முலாம் ஜாடி. தாங்கியில் தொங்கும், சாய்த்து ஊற்றலாம். கூட ஒரு கோப்பை, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு கிண்ணம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அந்த ஊர் வீடுகளின் சாப்பாட்டு மேசைக்காகச் செய்த சாமான் இது. ஐஸ் சீக்கிரம் கரையாமல் இருக்க இரட்டைச் சுவர், நடுவில் காற்று. ஐஸும் தண்ணீரும் நிரம்பினால் ஒரு கையால் தூக்கி ஊற்ற முடியாத கனம் என்பதால் இரண்டு பக்கமும் முளை வைத்துத் தாங்கியில் மாட்டினார்கள். அந்தச் சுவரும் அந்த முளையும்தான் இந்தச் சாமானின் உயிர். இரண்டிலும் ஏமாற்றியிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "1847-ல் செய்தது. நான்கு அடுக்கு வெள்ளி. முலாம் அசல். தண்ணீர் ஊற்றிச் சோதித்தது."

முதல் இரண்டும் தப்பு என்று படிக்கும்போதே தெரிந்தது. மெரிடன் பிரிட்டானியா தொடங்கியதே 1852-ல். 1847 என்பது ஹார்ட்ஃபோர்டு நகரத்து ரோஜர்ஸ் சகோதரர்கள் மூவர், வில்லியம், ஏசா, சிமியன், மின்முலாம் போட்ட கரண்டிகளை விற்கத் தொடங்கிய வருடம். 1862-ல் அந்தப் பெயர் மெரிடன் கம்பெனியிடம் வந்தது. ரோஜர்ஸ் என்ற பெயரை வேறு பலரும் போட்டுக்கொண்டிருந்ததால், தனியாகத் தெரிவதற்காக "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று முத்திரை அடித்தார்கள். அது வணிகக் குறி, செய்த வருடம் இல்லை. 1898-ல் மெரிடன் கம்பெனி இன்னும் பல கம்பெனிகளோடு சேர்ந்து இன்டர்நேஷனல் சில்வர் ஆன பிறகும் அதே 1847 தொடர்ந்தது. திராட்சைக் கொத்து போட்ட "வின்டேஜ்" கரண்டிகளை 1847-ல் செய்ததாகச் சொல்லி இன்றும் விற்கிறார்கள். அந்த வடிவம் வந்தது 1904-ல்.

"நான்கு அடுக்கு" என்பதும் அப்படித்தான். குவாட்ரூபிள் பிளேட் என்ற முத்திரை வெள்ளியின் அளவைச் சொல்கிறது, அடுக்கை எண்ணவில்லை. கரண்டிகளில் பழைய கணக்கு இது: 144 டீஸ்பூனுக்கு 2 ட்ராய் அவுன்ஸ் வெள்ளி ஏறினால் சாதாரண முலாம், 6 அவுன்ஸ் ஏறினால் ட்ரிப்பிள், 8 அவுன்ஸ் ஏறினால் குவாட்ரூபிள். 8 அவுன்ஸ் சுமார் 249 கிராம். 144-ஆல் வகுத்தால் கரண்டிக்கு 1.7 கிராம்தான். முலாமுக்கு அடியில் இருப்பது பிரிட்டானியா உலோகம், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். இல்லையென்றால் நிக்கல் சில்வர், நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்கிறார்களே அதுதான். அதில் துளி வெள்ளியும் கிடையாது.

இதையெல்லாம் விற்றவருக்கு எழுதினேன். நம்பிக்கை வந்தது அவருடைய பதிலில்தான். பத்து நிமிடத்தில் "நீங்கள் சொல்வதுதான் சரி, திருத்திவிடுகிறேன்" என்றார், திருத்தியும் விட்டார். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹொரேஸ் வில்காக்ஸைப் பற்றி அவரே நாலு வரி எழுதினார். அடித்தட்டு முத்திரையின் படமும் அனுப்பினார். வட்டத்துக்குள் தராசு, சுற்றிலும் எழுத்து, கீழே நான்கு இலக்க மாடல் எண், எல்லாம் கூர்மையாக இருந்தன. முத்திரை இவ்வளவு கூர்மை என்றால் பஃப் போடவில்லை, அதாவது மறுமுலாமுக்காகச் சக்கரத்தில் தேய்க்கவில்லை, பஃப் போடவில்லை என்றால் முலாம் அசல் என்று கணக்குப் போட்டு 715 டாலரைக் கட்டினேன். கணக்கு சரிதான். படம்தான் வேறு ஜாடியுடையது.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் அடித்தட்டைத்தான் திருப்பினேன். படத்தில் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 6. வந்த ஜாடியில் 2. எழுத்துகள் மழுங்கி, தராசின் ஒரு தட்டே காணவில்லை. மறுமுலாம் போடுமுன் பழைய வெள்ளியை உரித்துப் பஃப் சக்கரத்தில் பிடிப்பார்கள். பிரிட்டானியா மெத்தென்ற உலோகம், சக்கரத்தில் சீக்கிரம் தேயும். உடம்பில் இருந்த பூ வேலையில் இதழின் நடுக்கோடுகள் போய் வெளிக்கோடு மட்டும் நின்றது. பழைய ஒடுக்குகளை எடுக்காமல் அவற்றின் மேலேயே முலாம் போட்டிருந்தார்கள்.

தாங்கியின் நிறம் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது. மேல் பூச்சு ஏதும் இருந்தால் போகட்டும் என்று நகப்பூச்சு நீக்கியால் இரண்டு இடத்தைத் துடைத்துவிட்டு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஜாடியிலும் தாங்கியிலும் கொஞ்சம் அப்பினேன். கருவில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். ஜாடியில் பழுப்பு ஏறியது. தாங்கியில் மறுநாள் காலைவரை ஒன்றும் ஏறவில்லை, அதாவது அதன் மேல் வெள்ளியே இல்லை.

முளை ஒன்று முன்பே பிய்ந்திருக்கிறது. குவியலாக ஈயப்பற்று வைத்து ஒட்டி, மேலே முலாம் ஓட்டியிருக்கிறார்கள். பிரிட்டானியா சுமார் 250 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். வெள்ளிப்பற்று வைக்கிற சூட்டை அது தாங்காது, சுவரே ஓட்டையாகும். குறைந்த சூட்டில் உருகும் பற்றைத் தெரிந்த கையால், கிழிந்த விளிம்பு முழுவதும் ஓடும்படி வைக்க வேண்டும். மேலே குவித்தால் பாரம் வந்ததும் பிய்த்துக்கொள்ளும். அரை ஜாடித் தண்ணீருக்கே முளை ஆடியது.

எல்லாவற்றையும்விட மோசம் உள்சுவர். 1,000 மில்லி ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுத் திருப்பி அளந்தேன். 790 மில்லிதான் வந்தது. வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினால் இரண்டு சுவருக்கும் நடுவே சலசலப்பு. உள்குவளையின் இணைப்பு விட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய வாய் விளிம்பைப் பிரித்து உள்குவளையை வெளியே எடுக்க வேண்டும். "சோதித்தது" என்று எழுதியவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை.

அன்றே எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் போட்டவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். "பழம்பொருள் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்றார். மாடல் எண் பொருந்தாததைக் கேட்டேன், "வழியில் அடிபட்டிருக்கலாம்" என்றார். அடிபட்டால் 6 எப்படி 2 ஆகும்? அதற்குப் பதில் இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். நிபுணர் கடிதம் வேண்டும் என்றார்கள். வாங்கி அனுப்ப ஒன்பது நாள் ஆனது. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்றார்கள். புகார் கொடுத்தது கெடுவுக்குள்தானே என்று இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே அச்சடித்த வாக்கியம் வந்தது. பிறகு நேற்றைய மின்னஞ்சல். 860 டாலரில் ஒரு சென்ட் திரும்பவில்லை.

வாங்குகிறவர்களுக்கு இப்போதைக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முத்திரையையும் முழு ஜாடியையும் ஒரே படத்தில், அன்றைய தேதி எழுதிய காகிதம் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். தண்ணீர் ஊற்றி, அளந்து, குலுக்குவதை வீடியோவாகக் கேளுங்கள். இரண்டு முளைகளையும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். காந்தத்தை நம்பாதீர்கள், வெள்ளி, பிரிட்டானியா, ஜெர்மன் சில்வர், பித்தளை எதையும் அது பிடிக்காது. அமிலச் சோதனை செய்யாதீர்கள், முலாம் ஓட்டையாகும், அதையே காட்டி நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கெடு எத்தனை நாள் என்பதையும், புகார் கொடுத்த நாளிலிருந்தா கடிதம் சேர்ந்த நாளிலிருந்தா கணக்கு என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.