தலைச்சன் உரிமை: எந்த மொழியின் சொல் பொருந்துகிறது?

மூத்த பிள்ளைக்கே சொத்து என்ற வழக்கத்தை ஆங்கிலம் ‘பிரைமோஜெனிச்சர்’ என்கிறது. லத்தீனிலிருந்து வந்த சொல். முதல், பிறப்பு இரண்டும் அதில் இருக்கின்றன. ஜெர்மன் சொல்லும் ‘முதற்பிறப்பு உரிமை’தான். பிரெஞ்சின் ‘த்ருவா தெனெஸ்’ வேறு மாதிரி. அதிலுள்ள ‘எனே’ என்பதற்கு, பழைய பிரெஞ்சின்படி, முன்னே பிறந்தவர் என்று பொருள். முதல் என்பது தனியாக நிற்கும். முன்னே என்றால் பின்னே ஒருவர் இருந்தாக வேண்டும். கையை விரித்து நிற்கும் தம்பி தங்கைகளும் அந்தச் சொல்லுக்குள் தெரிகிறார்கள். அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் இங்கிலாந்தின் வழக்கத்துக்கு லத்தீன் சொல்லே நெருக்கம். மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன் 1376-இல் இறந்தார், மறு ஆண்டு அரசரும் இறந்தார். உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர் ஜான் ஆஃப் காண்ட். முடி சூடியதோ இறந்தவரின் பத்து வயது மகன் இரண்டாம் ரிச்சர்ட். முதலில் பிறந்தவர் போனாலும் உரிமை அவர் வழியிலேயே இறங்கியது.

அப்படியும் அந்தச் சொல் ஒன்றை மறைக்கிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் அக்காவுக்கு முன் தம்பிக்குத்தான் நிலம். மகனே இல்லையென்றால் மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. மூத்தவளுக்கென்று தனி உரிமை கிடையாது. பிறப்பு வரிசை மட்டும் போதவில்லை, ஆணாகவும் இருக்க வேண்டியிருந்தது. உயில் இல்லாத சொத்தில் இந்த முறையை 1925-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நீக்கியது.

ஸ்பானிய ‘மயோராஸ்கோ’வை இவற்றோடு சேர்ப்பது தவறு. அது விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி ஒரு குடும்பத்தோடு கட்டிப்போட்ட சொத்து. 1505-இன் தோரோ சட்டங்கள் அதற்கு விதி வகுத்தன. மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதிவிடலாம்.

சரி, தமிழில்? கிறிஸ்தவ வேதாகமத்தில் மூத்த மகன் ஏசா பயற்றங்கூழுக்கு விற்றது ‘சேஷ்டபுத்திரபாகம்’. அதில் புத்திரன் வெளிப்படையாகவே இருக்கிறான். பழைய இங்கிலாந்துக்கு அதையோ ‘தலைமகன் உரிமை’யையோ சொல்லலாம். சுவீடனுக்கு ஒத்துவராது. அங்கே 1980-இல் சட்டம் மாறி, 1979-இல் பிறந்த தம்பியிடமிருந்து பட்டத்து உரிமை 1977-இல் பிறந்த விக்டோரியாவுக்குப் போனது. அதற்குத் ‘தலைச்சன் உரிமை’ என்று எழுதுவேன். பெண்ணானாலும் நம் வீடுகளில் முதல் பிள்ளை தலைச்சன் பிள்ளைதான்.