எம்ஜிபி-க்கு ஹெடர் மாற்றக் கொடுக்கிறீர்களா? பழைய மேனிஃபோல்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஒர்க்‌ஷாப், 1972 எம்ஜிபி ஒன்றுக்குச் செய்துவைத்த வேலை இது. அமெரிக்கா போய்த் திரும்பி வந்த, இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. "மேனிஃபோல்டில் விரிசல், 304 ஸ்டெயின்லெஸ் ஹெடர், புது கேஸ்கெட், புது வாஷர், புது நட்" என்று பில். (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புத் துண்டுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்; அதற்குப் பதில் மாட்டும் குழாய்த் தொகுதி ஹெடர்.) இரண்டே வாரத்தில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லி 0.38 மி.மீ. இடைவெளி வைத்துக் காசு வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. அடுத்து, சிலிண்டர் ஹெட்டிலேயே விரிசல், இறக்க வேண்டும் என்றார்கள். வண்டிக்காரர் அதற்குச் சம்மதிக்காமல் எங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்ததால் தப்பினார்.

ஹெட் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வாஷரில்.

எம்ஜிபியின் பி-சீரீஸ் என்ஜினில் இன்டேக்கும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். ஹெட்டில் நிற்கும் ஸ்டட்கள் (நட் மாட்டும் மரைக் கம்பிகள்) பல இரண்டு மேனிஃபோல்டுக்கும் பொது. ஒரு தடித்த வாஷரின் பாதி இன்டேக் ஃபிளாஞ்சின் (ஹெட்டோடு ஒட்டும் தட்டை விளிம்பின்) மேலும், மறுபாதி எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சின் மேலும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அமுக்கும். அதனால் இரண்டு ஃபிளாஞ்சும் ஒரே தடிப்பில் இருந்தே ஆக வேண்டும். வெளியில் வாங்கும் ஹெடரில் இது பெரும்பாலும் பொருந்துவதில்லை. இந்த வண்டியில் ஹெடர் ஃபிளாஞ்ச் 1.5 மி.மீ. மெலிசு. வாஷர் இன்டேக் மேல் மட்டும் சாய்ந்து நின்றது. ஹெடரை எதுவும் அமுக்கிப் பிடிக்கவே இல்லை. நடு போர்ட்டிலிருந்து கேஸ்கெட் ஓரம் வரை மைக்கோடு போலக் கரி ஓடியிருந்தது. இப்படி ஆனபின் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்டட்தான் முறியும், கசிவு நிற்காது.

"புது வாஷர்" என்றார்களே, எல்லாம் துரு ஏறிய பழசு. நட்டும் பித்தளை இல்லை, சாதாரண இரும்பு. சூட்டில் அது ஸ்டட்டோடு ஒட்டிப் பிடித்துவிடும், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்தே வரும்.

இதைவிட வயிற்றெரிச்சல், ஹெடர் குழாயில் இருந்த பள்ளம். ஸ்டியரிங் ஷாஃப்டில் இடிக்கிறது என்று சுத்தியலால் அடித்து நெளித்திருக்கிறார்கள். இடப்பக்க ஸ்டியரிங் எம்ஜிபியில் ஷாஃப்ட் எக்ஸாஸ்டை ஒட்டித்தான் இறங்குகிறது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ரப்பர் மவுன்டின் மேல் என்ஜின் அசையும். குறைந்தது 10 மி.மீ. இடைவெளி இல்லாத ஹெடர் அந்த வண்டிக்கு ஆகாது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஸ்டியரிங்கில் விளையாடக் கூடாது.

304 என்றது பொய். வெள்ளிப் பெயின்டைச் சுரண்டிக் காந்தம் வைத்தால் பட்டென்று ஒட்டியது. 304-இல் வெல்டிங் பக்கம் லேசாக இழுக்கலாம், குழாயில் இப்படி ஒட்டாது. 409 ரக ஸ்டெயின்லெஸில் காந்தம் ஒட்டும் என்பதும் உண்மை; ஆனால் பில்லில் 304 என்று இருக்கிறதே!

டேப்பெட்டா, கசிவா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கசிவுச் சத்தம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பலமாகக் கேட்கும், சூடானதும் ஃபிளாஞ்ச் விரிந்து அடங்கும், மேடு ஏறும்போது மறுபடி கூடும். சந்தேகம் தீர, என்ஜின் ஆறியபின் வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்து, ஃபிளாஞ்ச் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை வரும் இடம்தான் ஓட்டை. ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய, செலவே இல்லாத சோதனை இது.

சரிசெய்த விதம்: வேறு ஹெடர் வாங்கி, ஃபிளாஞ்சில் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) வளைவு பார்த்தோம். அதுவும் இன்டேக்கைவிட 0.6 மி.மீ. மெலிசு. வாஷரின் இன்டேக் பாதியை மட்டும் அந்த 0.6 அளவுக்கு அரத்தால் தேய்த்துப் படி வைத்தோம். கீழ்க் குழாயைத் தளர்வாகவே விட்டு, பித்தளை நட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில் 20 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றினோம். கீழ்க் குழாயும் ஹேங்கரும் கடைசியில்தான். முதலிலேயே அதை இறுக்கினால் சைலன்சரின் கனம் ஃபிளாஞ்சை இழுத்துக் கோணலாக்கும். ஓட்டி, ஆறவிட்டு, இன்னொரு முறை நட்களின் டார்க் (இறுக்கம்) பார்த்தோம். சத்தம் நின்றது, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல் இருந்தது.

கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் வெப்பத் தகட்டையும் அவர்கள் திருப்பி மாட்டவில்லை. ஹெடர் சூட்டில் எஸ்யு கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து, வண்டி சிக்னலில் நின்றுவிடும்.

விரிசல் விட்டதாகச் சொன்ன அந்தப் பழைய மேனிஃபோல்ட்? குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் நல்ல வடிவமைப்பு, சாதாரண ஓட்டத்துக்கு ஹெடரால் பெரிய பலன் எதுவும் கிடைக்காது. நல்ல நிலையில் இருந்தால் நல்ல விலையும் போகும். விரிசல் எங்கே என்று காட்டச் சொல்லி, கழற்றிய பொருளை வாங்கிக்கொண்ட பிறகு பணம் கொடுங்கள்.