வாடிக்கையாளர் போகும் கூட்டத்துக்கு நானும் போனேன்: மூன்று வருட நெட்வொர்க்கிங் அனுபவம்

நெளி அட்டைப் பெட்டி செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. என்னையும் சேர்த்து ஆறு பேர். ஆர்டர் பிடிப்பது, கொட்டேஷன் போடுவது, பாக்கி வசூலிப்பது எல்லாம் என் தலையில். இரண்டே பெரிய வாடிக்கையாளர்களை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் தொழிலை மூடிவிட்டுப் போனபோது, மாத வேலையில் பாதி ஒரே வாரத்தில் காணாமல் போனது. "நாலு பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்" என்ற ஞானம் அப்போதுதான் வந்தது. அன்றிலிருந்து மூன்று வருடமாகத் தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். இதுவரை 41 தனித்தனிக் கூட்டங்கள், அது போக ஒரு வாராந்திரக் குழு. எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், பிறகு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு பெரிய அரங்கக் கூட்டம். நானூறு பேராவது இருப்பார்கள். கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை, சட்டைப் பையில் புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டு ஒரு கட்டு. மூன்று மணி நேரத்தில் 53 கார்டு வாங்கிவிட்டேன். பெரிய சாதனை செய்த நினைப்பில் வீட்டுக்கு வந்து மேஜையில் பரப்பினால், 14 பேர் இன்ஷூரன்ஸ், 11 பேர் வெப்சைட் செய்து தருகிறவர்கள். மீதியில் பலர் என்ன தொழில் செய்கிறார்கள் என்பது கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விளங்கவில்லை. பெட்டி வாங்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் பல்லக்கு ஏறினால் பல்லக்கைத் தூக்குவது யார்? அந்த அரங்கில் இருந்த அத்தனை பேரும் விற்க வந்தவர்கள். நானும்தான்.

அடுத்த ஆறு மாதம் மீட்டப், ஈவன்ட்பிரைட் போன்ற கூட்ட அறிவிப்புத் தளங்களே கதி. 'என் அருகில்', 'சிறுதொழில்' என்று தட்டினால் வாரத்துக்குப் பத்து அறிவிப்பு வரும். இவற்றைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும் என்பது நாலைந்து மாலைகள் வீணான பிறகு புரிந்தது. இப்போதெல்லாம் வரப்போகும் கூட்டத்தின் விவரத்தை நான் முதலில் பார்ப்பதில்லை, முடிந்துபோன கூட்டங்களின் படங்களைத்தான் பார்க்கிறேன். மூன்று மாதப் படங்களில் அதே முகங்கள் திரும்பத் திரும்பத் தெரிந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது முகங்களாகவே இருந்தால், வந்தவர்கள் மறுபடி வர விரும்பவில்லை. இலவசக் கூட்டத்தில் 'வருகிறேன்' என்று பதிந்தவர்கள் 60 பேர் என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். பாதி நாற்காலி காலியாகக் கிடந்ததை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பேச்சாளரின் படம் பெரிதாகவும் தலைப்பு சின்னதாகவும் இருந்தால் யோசிக்க வேண்டும். அப்படி ஒன்றுக்குக் கட்டணம் கட்டிப் போனேன். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கிடைத்தது இருபது நிமிடம். மீதி நேரம் முழுக்க அவர் தன் பயிற்சி வகுப்பின் பெருமை பாடினார். கடைசியில் கதவருகே மேஜை போட்டு 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று ஆளை வழிமறித்தார்கள். நானும் மசிந்துபோய் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அது திரும்ப வரவே இல்லை.

அதற்குப் பிறகு புதுக் கூட்டம் எதற்கும் போகும் முன் ஏற்பாட்டாளருக்கு ஒரு போன் போடுவேன். "போன தடவை எத்தனை பேர் வந்தாங்க? அதுல ஏற்கெனவே வந்தவங்க எத்தனை பேர்? என் வேலைக்குச் சம்பந்தப்பட்ட ரெண்டு பேரை எனக்கு அறிமுகப்படுத்தி வைப்பீங்களா?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாட்டாளர் உடனே, "நீங்க என்ன செய்றீங்க?" என்று திருப்பிக் கேட்பார். மற்றவர்கள், "வாங்க சார், நிறைய பேர் வருவாங்க" என்பார்கள்.

இனி அந்த வாராந்திரப் பரிந்துரைக் குழுவைப் பற்றி. ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர் என்ற ஏற்பாடு புதிதல்ல. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி சங்கமும் தொழிலுக்கு ஒருவர் என்றுதான் ஆள் சேர்த்தது. 1985இல் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பு அதையே வாராவாரம் கூடி வாய்ப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையாக ஆக்கியது. நான் சேர்ந்தது இவை இரண்டும் அல்ல, அதே பாணியில் உள்ளூர்க்காரர்கள் நடத்திய ஒரு சின்னக் குழு. வாரத்தில் ஒரு நாள் விடிகாலையில் கூட்டம். ஆளுக்கு அறுபது நொடி எழுந்து நின்று தொழிலைச் சொல்ல வேண்டும். வாரம் ஒரு பரிந்துரையாவது தர வேண்டும்.

அந்த அறுபது நொடிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதல் வாரம், "எல்லா வகையான பெட்டியும் செய்வோம்" என்றேன். யாருக்கும் எதுவும் மனதில் நிற்கவில்லை. இரண்டாம் மாதம், "பார்சல்ல அனுப்பும்போது பொருள் உடைஞ்சு திரும்பி வருதுன்னு யாராவது புலம்பினா, எனக்குச் சொல்லுங்க" என்று மாற்றினேன். கூட்டம் முடிவதற்குள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர்கள் இதற்காகவே சில மாதம் இப்படியொரு குழுவில் இருக்கலாம்.

ஆனால் கட்டாயப் பரிந்துரை மெல்ல மெல்லச் சடங்காகிவிட்டது. வாரம் ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்பதற்காக யார் பெயரையாவது எழுதிக் கொடுப்பார்கள். ஒரு தடவை எனக்கு வந்த சீட்டில் இருந்த நம்பரை அழைத்தால், கொடுத்தவரின் மைத்துனர் எடுத்தார். பெட்டி என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டம், போய் வருவது, உறுப்பினர்களைத் தனியாகச் சந்திப்பது என்று வாரம் மூன்று மணி நேரம். வருடத்துக்கு ஏறக்குறைய 150 மணி நேரம், எட்டு மணி நேரக் கணக்கில் 19 வேலை நாள். கிடைத்தது ஒரு வாடிக்கையாளரும், நல்ல மை சப்ளையர் ஒருவரும். பதினோராம் மாதம் விலகிக்கொண்டேன். வீட்டுக்குத் தேவையான சேவை செய்கிறவர்களுக்கு அங்கே நன்றாகவே வேலை வந்தது. பிளம்பரும் கணக்காளரும் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். என்னைப் போல் தொழிற்கூடங்களுக்கு மட்டும் விற்கிறவனுக்கு அந்த அறையில் வாங்க ஆள் இல்லை.

திருப்பம் தற்செயலாக வந்தது. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கையால் சோப்பு செய்து விற்கும் அம்மா. டெலிவரி கொடுக்கப் போனபோது, "நீங்க இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் போவீங்களா மேடம்?" என்று சும்மா கேட்டேன். "எங்க சோப்புக்காரங்க எல்லாம் மாசம் ஒரு தடவை கூடுவோமே. லேபிள்ல என்ன போடணும், எண்ணெய் எங்க நல்லா கிடைக்குதுன்னு பேசுவோம். நீங்க வேணா வந்து உட்காருங்களேன்" என்றார். ஒன்றரை வருடமாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். வாரம் தவறாமல் பார்க்கிற வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

போனேன். இருபத்தைந்து பேர். பெட்டிக்காரன் நான் ஒருவன்தான். அன்றைக்கு கார்டு எதையும் நீட்டவில்லை, பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளையில் ஒருவர், குடோனில் அடுக்கினால் அடிப் பெட்டிகள் நசுங்கிவிடுகின்றன, அட்டையின் தடிமனைக் கூட்டியும் பயனில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். காரில் ஒரு காலிப் பெட்டி இருப்பதாகச் சொல்லி எடுத்து வந்தார். பக்கவாட்டு ஓரத்தை நகத்தால் கீறி, மேல் தாளைக் கொஞ்சம் உரித்துக் காட்டினேன். உள்ளே நெளிவுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடந்தன.

"சார், இந்த ஃப்ளூட், அதாவது நெளிவு, நின்னபடி இருக்கணும், தூண் மாதிரி. அப்பதான் மேல இருந்து வர்ற பாரத்தைத் தாங்கும். அட்டை மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்காங்க. நீங்க தடிமன் கூட்டினது வீண் செலவு."

"அப்ப ஈரம் காரணமில்லையா?"

"ஈரமும்தான். தரையில நேரா வைக்காதீங்க, பலகை போட்டு அடுக்குங்க. ஈரம் ஏறினா எந்த அட்டையும் துவண்டுடும்."

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் என் நம்பரைக் கேட்டு வாங்கினார். முதல் ஆர்டர் வந்தது ஐந்து மாதம் கழித்து, 2,000 பெட்டி. அடுத்த ஒரு வருடத்தில் அதே கூட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

இடையில் அந்த ஐந்து மாதம் இருக்கிறதே, அதில்தான் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். நானும் இரண்டாவது கூட்டத்தோடு நிறுத்தியிருப்பேன், அந்த அம்மா போன் செய்து கூப்பிட்டிருக்காவிட்டால். இப்போது எந்தக் கூட்டமானாலும் மூன்று தடவை போகாமல் தீர்ப்பு எழுதுவதில்லை. பயிற்சி வகுப்பு விற்கும் கூட்டம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு ஒரு தடவையே அதிகம்.

அவ்வப்போது மட்டும் பார்க்கிறவர்கள் மூலமே வேலை வருகிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. இதைப் பற்றி 1973லேயே மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதியிருக்கிறார். பாஸ்டனை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8. தினமும் பார்க்கிறவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி தள்ளி நிற்கிறவரிடமிருந்துதான் வரும் என்பது அவர் சொன்ன காரணம். ஆய்வு வேலை தேடியவர்களைப் பற்றியது. ஆர்டர் தேடுகிறவன் நிலையும் வேறில்லை என்று என் நோட்டு சொல்கிறது.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. நான் தெரியாதவரிடம் போய்ப் பேச்சைத் தொடங்கத் தயங்குகிற ஆள். தெரிந்த முகம் ஒன்று கிடைத்தால் போதும், கூட்டம் முடியும்வரை அவரோடே நின்றுவிடுவேன். இது எனக்கு மட்டும் உள்ள நோய் அல்லவாம். பால் இங்ராம், மைக்கேல் மாரிஸ் என்ற இரண்டு கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விருந்துக்கு வந்த நிர்வாகிகளுக்கு மின்னணு அட்டை மாட்டி, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பதிவு செய்து 2007இல் வெளியிட்டார்கள். புதியவர்களைச் சந்திக்கவே வந்தோம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள்கூட, ஏற்கெனவே பழகியவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். நான் கண்டுபிடித்த மருந்து, வாசலில் பெயர் அட்டை கொடுக்கும் மேஜையில் உதவிக்கு உட்காருவது. ஏற்பாட்டாளர்கள் ஆள் கிடைக்காமல் தவிக்கும் வேலை அது, கேட்டால் மறுக்கமாட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் தானாக நம்மிடம் வந்து பெயரையும் தொழிலையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில், மெழுகுவர்த்தி செய்கிறவர் ஒருவர் தன் பெயர் அட்டையை வாங்கியபடியே, "நீங்களே பெட்டி செய்றவரா? இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், உண்மையாகவே திரும்பி வந்தார்.

நம் தொழில்காரர்களின் சங்கத்தை நான் ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். போட்டியாளர்களிடம் போய் என்ன பேசுவது? அதுவும் தப்புக் கணக்கு. பெரிய இயந்திரம் வைத்திருப்பவருக்கு 300 பெட்டி ஆர்டர் வெறும் தொல்லை. எனக்கு அது ஒரு நாள் வேலை. அப்படித் தள்ளிவிடப்பட்ட ஆர்டர் மூலம் ஒரு நிலையான வாடிக்கையாளர் கிடைத்தார். வர்த்தக சபைகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை, வருகிறவர்கள் என்னைவிட ரொம்பப் பெரியவர்கள். முதல் ஒன்றிரண்டு கூட்டத்துக்கு விருந்தினராக வரலாமா என்று கேளுங்கள், நான் கேட்ட இடங்களில் ஒத்துக்கொண்டார்கள். ஆண்டுச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள்.

ஆக மூன்று வருடத்தில் புது வாடிக்கையாளர்கள் ஏழு பேர். சோப்புக்காரர்கள் நாலு, வாராந்திரக் குழு ஒன்று, பெயர் அட்டை மேஜை ஒன்று, போட்டியாளர் வழி ஒன்று. பெரிய அரங்குகளில் பூஜ்யம். கார்டின் பின்பக்கம் அதைக் கொடுத்தவர் சொன்ன பிரச்சினையை ஒரு வரி எழுதி, இரண்டு நாளுக்குள் அதைப் பற்றி மட்டும் நான் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினேனோ அவர்களில்தான் இந்த ஏழு பேரும் இருக்கிறார்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் நான் அனுப்பியவை எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

போன வருடம் நாங்கள் எட்டுப் பேர், அந்த சோப்புக்கார அம்மா, மை சப்ளையர் எல்லாம் சேர்ந்து, மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் தொழிற்கூடத்தில் கூடத் தொடங்கினோம். தலைவர், சந்தா, பேச்சாளர் யாரும் எதுவும் கிடையாது. ரோட்டரிக்கு அந்தப் பெயரே, ஆரம்பத்தில் உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் வந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். அடுத்தவர் பட்டறைக்குள் நின்றால் கேள்வி தானாக வரும். போன மாதம் சோப்பு காயவைக்கும் அறையில் அரை மணி நேரம் ஈரப்பதம் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அங்கேயே எனக்கு ஒரு பெட்டி வடிவம் தோன்றியது.

அடுத்த மாதம் என் பட்டறை முறை. அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் டை கட்டிங் மெஷினை இரண்டு மணி நேரம் நிறுத்தினால்தான் பேசுவது காதில் விழும். பையன்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள்.